ஜூன் மாதத்து வாசல்: ஹேமாம்புஜம் டீச்சருக்கு எங்கள் மடல்

வாசலில் நின்றே வகுப்பெடுத்த வல்லவரே! கணக்குக் கற்பிக்க வந்து கனிவையும் கற்பித்த கணித ஆசிரியை அவர்களே! திருவள்ளூர்த் தேரடியில் பிறந்து, கும்மிடிப்பூண்டித் தண்டவாளத்தின் இக்கரையில் பதினாறு ஆண்டுகள் எங்களோடு வெயில் காய்ந்த எங்கள் ஹேமாம்புஜம் டீச்சரே! வணக்கம்.

இந்த மடலை எழுதும்படி தலைமையாசிரியர் பச்சையப்பன் அவர்கள் தமிழாசிரியை விக்டோரியாவிடம் சொன்னார். வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றாள் அவள். காரணம் கேட்டார். பொறாமை என்றாள். அப்படியானால் நீதான் எழுத வேண்டும், அவரை உன்னளவுக்கு உற்றுக் கவனித்தவர் இந்தப் பள்ளியில் வேறு யாருமில்லை என்று சொல்லிவிட்டார். ஆகவே ஊழியர் அனைவரின் சார்பாக இது பொறாமையால் எழுதப்பட்ட பாராட்டு. அதனாலேயே இதில் ஒரு சொல்லும் மிகையில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் தாங்கள் இங்கே வந்தீர்கள். அன்று முதல் ஒவ்வொரு ஜூனிலும் பள்ளி திறக்கும் நாளில் புதுப் பிள்ளைகளின் குடும்பங்களை வரவேற்கும் பொறுப்பு தங்களுடையதே. வயற்காட்டிலிருந்தும் செங்கல் சூளையிலிருந்தும் வருகிறவர்கள் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தோடு நின்றுவிடுவார்கள். உள்ளே வரலாமா என்று கேட்கவும் மாட்டார்கள். தாங்கள் போய் அம்மாவின் பெயரை முதலில் கேட்பீர்கள், பிள்ளையின் பெயரைப் பிறகு கேட்பீர்கள். மறு ஆண்டு அந்த அம்மாளே வந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருப்பவரிடம், “உள்ளே முள்ளு நிறைய கிடக்கு, போட்டுண்டே வாங்கோ” என்பீர்கள். நம் மைதானத்தில் முள் ஒன்றும் கிடையாது. தினமும் பெருக்குகிற தேசப்பனுக்கு அதில் பலத்த வருத்தம். ஆனாலும் பதினாறு ஆண்டுகளும் அவர் வாயைத் திறக்கவில்லை.

விக்டோரியா ஆரம்பாக்கத்துக் காலனியின் முதல் பட்டதாரி. எழுபத்திரண்டில் இங்கே சேர்ந்தாள். வாசலில் நிற்கிற சனம் அவளுடைய சனம். நாற்று நட்டு வெடித்த அந்தக் கைகள் அவள் அம்மாவின் கைகள். அவளும் அதே “வாங்க”வைத்தான் சொன்னாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தேரடியிலிருந்து வந்த “வாங்கோ” ஊரெல்லாம் பேசப்பட்டது. காலனியிலிருந்து வந்த “வாங்க” காற்றோடு போனது. இது நியாயமா என்று அவள் ஓர் ஆண்டு முழுக்கத் தன்னையே கேட்டுக்கொண்டாள். தங்கள் முகத்தைப் பார்த்தால் வயிறு எரிந்தது. தாங்கள் சாப்பாட்டு டப்பாவிலிருந்து புளியோதரையை அவள் பக்கம் தள்ளும்போது இன்னும் அதிகமாக எரிந்தது. சாப்பிட்டாள், அது வேறு விஷயம்.

எழுபத்து மூன்று ஜூனில், இந்த ஆண்டு வரவேற்பு என்னுடையது என்று அவள் கேட்டு வாங்கினாள். தாங்கள் மறுபேச்சு இல்லாமல் விட்டுக்கொடுத்தீர்கள். மூன்று நாள் உட்கார்ந்து உரை எழுதினாள். கூடத்தில் நாற்பது குடும்பங்கள் பெஞ்சுகளில் முதன்முதலாக உட்கார்ந்திருந்தன. தன் சனத்தைத் தமிழின் உச்சியில் வைத்துக் கூப்பிட வேண்டும் என்பது அவள் ஆசை. மேடையேறி, “பெற்றோர்களே, எங்கள் பள்ளிக்கு எழுந்தருளுக” என்றாள்.

அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

அலுவலகம் என்றால் எழுந்திரு என்று சொல்லும் இடம் என்றே பழகிய சனம். சிலர் பிள்ளையின் கையைப் பிடித்து வெளியே நகரவும் தொடங்கினார்கள். மேடையில் இருந்த நாங்கள் சிரித்தோம். தாங்களும் சிரித்தீர்கள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. விக்டோரியா மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் ஏன் எழுந்தார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

அப்போது தாங்கள் மேடையை விட்டு இறங்கி, கதவருகே போய் நின்றுகொண்டு சொன்னதை எங்களில் யாரும் மறக்கவில்லை.

“உக்காருங்கோ. டீச்சர் உங்களை எழுந்திருக்கச் சொல்லலை. எங்காத்துல அந்த வார்த்தை பெருமாளுக்கு மட்டும்தான். அதை எடுத்து உங்களுக்குக் குடுத்திருக்கா.”

உட்கார்ந்தார்கள். அன்றைக்கு ஒரு பிள்ளையும் சேராமல் திரும்பவில்லை. எல்லோரும் தங்களைக் கொண்டாடினார்கள். விக்டோரியாவின் வார்த்தையை விக்டோரியாவின் சனத்துக்கு விளக்கத் தாங்கள் தேவைப்பட்டீர்கள். இதைவிட ஒரு மனுஷிக்கு என்ன பொறாமை வேண்டும்?

இன்னும் வேண்டியிருந்தது போலும், அன்றே அதுவும் வந்தது. தங்கை லில்லியைச் சேர்க்க வந்திருந்த அவள் அம்மா சாராள், மகளைத் தாண்டிப் போய்த் தங்களிடம் சேர்க்கைப் பாரம் எழுதச் சொன்னார். பெற்ற பெண் இங்கே நிற்கிறேனே என்று விக்டோரியா கேட்டாள்.

“நீ டீச்சரு மாதிரி பேசுற. அவங்க ஊட்டு மனுசங்க மாதிரி பேசுறாங்க. நான் இன்னா பண்ணட்டும்?” என்றார் சாராள்.

அதற்குப் பிறகு அவள் அந்த வாசலைக் கேட்கவில்லை. மூன்று ஜூன்கள் ஜன்னல் வழியே தங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம் தங்கள் ஓய்வைப் பற்றிய கூட்டத்தில், ஓய்வு பெற்றாலும் ஜூனில் ஹேமாம்புஜம் டீச்சரையே வரவழைக்கலாம் என்று நாங்கள் ஒருமனதாகச் சொன்னோம். ஒருமனது என்பது விக்டோரியா நீங்கலாக. கூடவே கூடாது என்றாள் அவள். எங்களுக்குக் கோபம் வந்தது. தங்களுக்கு வரவில்லை. கூட்டம் முடிந்ததும் அவளைத் தனியே நிறுத்தித் தாங்கள் சொன்னதை, தங்கள் அனுமதியோடு இங்கே எழுதுகிறோம்.

“அன்னிக்கு அவா எழுந்து நின்னதும் எனக்குச் சிரிப்பு வந்துடுத்து, விக்டோரியா. உனக்குக் கண்ணு கலங்கித்து. நாலு வருஷமா எனக்கு அந்தக் கண்ணு மேல பொறாமை.”

நான்கு ஆண்டுப் பொறாமைக்கு எதிர்ப்பொறாமை ஒன்று கிடைத்துவிட்டது. மறுநாள் டப்பாவைத் தாங்கள் தள்ளுவதற்கு முன்பே கையை நீட்டினாள்.

அன்புக்குரியவரே! வாசல் இனி விக்டோரியாவினுடையது. தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்துவிட்டார். தாங்களே கேட்டாலும் திருப்பித் தர மாட்டாள். ஆனால் அவள் ஒன்றைக் கவனித்திருக்கிறாள். பதினாறு ஜூன்களில் தாங்கள் எல்லோரையும் வாங்க என்றீர்கள், அந்த வாசலில் தங்களை ஒருவரும் வாங்க என்றதில்லை. ஆகவே வருகிற ஜூனில் திருவள்ளூர் பஸ்ஸைப் பிடித்து வாருங்கள். வேப்பமரத்தோடு நின்றுவிடாதீர்கள். முள் கிடக்கும், செருப்போடு வாருங்கள். சாராள் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருப்பார். உடல்நலமும் கண்ணொளியும் குறையாமல் நூறாண்டு வாழ்ந்து, அத்தனை ஜூனும் வாருங்கள்.

விக்டோரியா அதே பழைய உரையைத்தான் படிக்கப் போகிறாள். “எழுந்தருளுக” என்பாள். அவளுடைய சனம் இம்முறை அசையாமல் உட்கார்ந்திருக்கும். தாங்கள் எழுந்துவிடாதீர்கள், டீச்சர். அந்த வார்த்தை தங்களுக்கும் சேர்த்துத்தான்.

கும்மிடிப்பூண்டி
30.4.1977

என்றும் தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டும், கொஞ்சம் வயிறெரிந்துகொண்டும் இருக்கப்போகிற
உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள், அலுவலர்கள்