சிவப்பில் இருந்த ஏழாம் குதிர்

டார்சி நல்ல தேநீர் போடுவான், இன்ஸ்பெக்டர். எனக்கு அவன்மேல் பகை எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்திரேலியாவின் விம்மெராவில் எங்கள் கோதுமைக் கிடங்கின் கணினிகள் என் பொறுப்பு. யார் எந்தப் புரோகிராமைத் திறக்கலாம் என்று முடிவு செய்கிறவன் நான். நான் வருமுன் எல்லாரும் எல்லாவற்றையும் பார்த்தார்கள். லாரியில் மூட்டை ஏற்றுகிறவனுக்குக்கூட மேலாளரின் சம்பளம் தெரிந்திருந்தது. அவரவர் வேலைக்குத் தேவையானது மட்டும் அவரவர் கண்ணில் படும்படி ஒழுங்குசெய்தேன்.

கோதுமையை வெளியே எடுத்தபின், காலியான பெரிய இரும்புக் குதிர்களின் இடுக்குகளில் வண்டு ஒளிந்திருக்கும். அது சாக விஷவாயு விட்டு மூடுவோம். முன்பு கதவில் எச்சரிக்கைப் பலகை தொங்கும்; காற்றில் பறந்துவிடும். நான் அதைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்தேன். வாயு உள்ள குதிர் சிவப்பாகத் தெரியும். மேலாளர் கிளெனிஸுக்குப் பெருமை தாங்கவில்லை. பலகைகளைக் கழற்றிவிட்டோம்.

டார்சி குதிர்களுக்குள் இறங்கிக் கூட்டுகிறவன். ஒருநாள் தேநீர் வேளையில் எல்லார் முன்னாலும் கேட்டான்:

"யோவ் நெவில், உன் பொண்டாட்டி பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பினாளே, அதுக்கு யாருய்யா பர்மிஷன் குடுத்தது?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று பிற்பகல் அனுமதிகளை மறுபடி சரிபார்த்தேன். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. கூட்டுகிறவனுக்கு வாயு விவரம் எதற்கு? அது வாயு விடுகிறவனின் விவரம்.

மறுநாள் வந்து நின்றான். "அந்தச் சிவப்புத் திரை திறக்கவே மாட்டேங்குதுப்பா. உள்ள இறங்கலாமா வேணாமான்னு நான் எப்படிப் பாக்கறது?"

"எழுதிக் குடு, பார்க்கலாம்."

"நேத்தே குடுத்துட்டேனே!"

"பரிசீலனையில இருக்கு."

அந்த வியாழக்கிழமை அவன் துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஏழாம் குதிரின் பக்கம் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் திரையில் ஏழு சிவப்பாக இருந்தது. வாக்கிடாக்கி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அனுமதி இல்லாதவனிடம் விவரத்தை வாயால் சொன்னாலும் மீறல் மீறல்தான். விதி போட்டவனே அதை மீறினால் மற்றவர்கள் எப்படி மதிப்பார்கள்?

கதவருகே அவன் நின்றான். என் ஜன்னலைப் பார்த்தான். புருவத்தைத் தூக்கி, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

நானும் உயர்த்திக் காட்டினேன்.

அதில் எந்த விவரமும் இல்லை, இன்ஸ்பெக்டர். அது வெறும் மரியாதை.