துப்பாக்கியில பொறிச்ச பேரு

பேரு என்னன்னு என்கிட்ட எதுக்கும்மா கேக்குற? எங்க வீட்டுக்குப் போயி, துப்பாக்கிச் சாமான் வெச்சிருக்கிற அலமாரியைத் திறந்து பாரு. அங்க பொறிச்சு வெச்சிருக்கு. புள்ள பொறக்கிறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே பொறிச்சாச்சு. வயித்துக்குள்ள எலுமிச்சம்பழம் அளவுதான் இருந்திருப்பா, அதுக்குள்ள மகராசிக்கு சொந்தமா ஒரு துப்பாக்கி, அதுமேல பேரு. பெத்தவ நான் எதுக்கு நடுவுல...

இல்ல இல்ல, நீ உக்காரு. எழுந்திரிக்காத. வீட்டுக்குக் கெளம்புறதுக்குள்ள பேரை எழுதிக் குடுத்துரணும்னு நர்ஸ் காலையிலயே சொல்லிட்டுப் போச்சு. நீ பாவம், ஆஸ்பத்திரி படிவத்தைத் தூக்கிக்கிட்டு ரூம் ரூமா அலையுற. எனக்குத் தெரியாதா. அந்த ஜெல்லி வேணுமா? எடுத்துக்கோ, எனக்கு அதைப் பாத்தாலே கொமட்டுது.

அப்பா பேரா? அதை எழுதிக்கோ, அதுல ஒரு குழப்பமும் இல்ல. டெல்மர். மர ஆலையில ரம்பம் ஓட்டுறாரு. நல்ல மனுசன்தான். குடிக்க மாட்டாரு, கை நீட்ட மாட்டாரு, ஞாயித்துக்கெழமை சர்ச்சுக்கு வந்து ஒழுங்கா தூங்குவாரு. ஒரே ஒரு வியாதி. புள்ளைங்களுக்குத் துப்பாக்கிச் சாமான் சேக்குறது.

எங்க மூத்தவன் பிரைஸ் இருக்கானே, அவனோட மொத பொறந்தநாளு. வந்தவங்க பொம்மை குடுத்தாங்க, தொப்பி குடுத்தாங்க. பெத்த தகப்பன் ஒரு டிரிக்கர் குடுத்தாரு. ரிப்பன் கட்டி. புள்ள அதை வாயில வெச்சு சப்புச்சு. "பாத்தியா நோலா, அவனுக்குப் புடிச்சிருக்கு"ங்கிறாரு. அடுத்தவ டெசா. அவ டான்ஸ் ஆடுற செருப்பு கேட்டு அழுதா, வந்தது ஒரு ஸ்பிரிங் பாக்கெட்டு. மூணாவது கோய், அவனுக்கு ரெண்டு வயசுல ஒரு பேரல், அதான் துப்பாக்கிக் குழாய். அந்தக் கொழந்தைய விட அது நீளம். கேக் வெட்டுறப்போ ரெண்டையும் பக்கத்துல நிக்க வெச்சு போட்டோ எடுத்தாரு மனுசன்.

ஏன்யா இப்பவே வாங்குறேன்னு கேட்டா ஒரே பதிலு. இப்போ வாங்கலேன்னா அப்புறம் கெடைக்காதாம். பதினெட்டு வயசாகட்டும், சமையல்கட்டு மேசையில ஒரு துண்டை விரிச்சு, அப்பனும் புள்ளையும் எதிரெதிர உக்காந்து ஒண்ணொண்ணாப் பூட்டுவோம், அன்னைக்குத் தெரியும் அப்பன் அருமைங்கிறாரு. நல்லது. அதுவரைக்கும் நான் மாவு டப்பா எடுக்கப் போனா துப்பாக்கிக் கட்டை கையில வருது. போன வருசம் மான் கறி எடுக்க ஃப்ரீசரைத் திறந்தேன், உள்ள ஒரு பொட்டலம். ஆசையா எடுத்துப் பிரிச்சா எண்ணெய் தடவின ஏதோ இரும்பு. அலமாரியில எடம் இல்லையாம்.

ம்? ஆமா, பேருக்குத்தான் வர்றேன். அவசரப்படாத.

போன வருசம் தலைநகர்ல சட்டம் போட்டாங்களே, அதான். இனிமே இந்த மாதிரி துப்பாக்கி விக்கக் கூடாதுன்னு. அதுல எது துப்பாக்கின்னு கேளு. பேரல் இல்ல, கட்டை இல்ல. டிரிக்கர் உள்ள உக்காருதே, அலுமினியக் கூடு, உள்ளங்கை அகலத்துக்கு... லோயர்ங்கிறாங்க, அது ஒண்ணுதான் சட்டத்துக்குத் துப்பாக்கியாம். மத்ததெல்லாம் வெறும் சாமானாம். வீட்டுல இருக்கிறது இருக்கலாம், புள்ளைங்களுக்குக் குடுக்கலாம், கடையில புதுசா வாங்க முடியாது. எங்க வீட்டுக்காரருக்குக் கவலையே இல்ல. மூணு புள்ளைக்கும் மூணு கூடு எப்பவோ வாங்கி, கடைக்காரன்கிட்ட சொல்லி ஆளுக்கொரு பேரை லேசர்ல பொறிச்சு வெச்சுட்டாரு. ஊரே அடிச்சுப் புடிச்சு ஓடுறப்போ இவரு தின்னுபுட்டு ஏப்பம் விட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு.

அப்போதான் நான் போயி நாலாவது உண்டாகியிருக்கேன்னு சொன்னேன். வேற புருசனா இருந்தா கட்டிப் புடிப்பான், இல்லேன்னா தலையில கையை வெச்சு உக்காருவான். இவரு காலண்டரைப் பாத்தாரு.

சட்டம் நடைமுறைக்கு வர்றதுக்கு முன்னாடி கடைசி நாளு. விடியறதுக்கு முன்னாடியே கடை வாசல்ல போயி நின்னாச்சு. பனியில, மடக்கு நாற்காலி போட்டு. நான் வீட்ல வாளியைக் கட்டிக்கிட்டு வாந்தி எடுத்துக்கிட்டு கெடக்கேன், போன் மேல போனு. நோலா, பேரு என்ன வைக்கிறோம், இன்னைக்கு விட்டா பொறிக்க முடியாது, மத்த மூணு புள்ளைக்கும் இருக்கு, இதுக்கு மட்டும் இல்லேன்னா பின்னால அது மனசு என்ன பாடுபடும்னு. அதுக்கு மனசே இன்னும் முளைக்கலையேய்யா.

கடைசியில என்னத்தப் பொறிச்சுக்கிட்டு வந்தாருங்கிற? ஹுல்டா. அவங்கம்மா பேரு. எங்க மாமியாரு.

சிரிக்காத. எனக்கும் இதே சிரிப்புதான் வந்துச்சு, அழுகையோட. ஹுல்டான்னு இந்தக் காலத்துல எந்தப் புள்ளைக்காவது வைப்பாங்களா? பள்ளிக்கூடத்துல உயிரை வாங்கிர மாட்டானுங்க? அதுவும் எந்த ஹுல்டா? என் கல்யாணத்துக்கு, சாவுக்குப் போடுற கறுப்புக் கவுனு போட்டுக்கிட்டு வந்த ஹுல்டா. சர்ச் விருந்துல நான் செஞ்ச கேசரோல் கறியை ஒரு கரண்டி வாங்கி, நான் பாக்கப் பாக்க நாய்க்கு வெச்ச ஹுல்டா. அந்தப் பேரைத் தூக்கி என் பொண்ணு தலையில... உள்ளங்கை அகலத் தகரத்துக்காக.

என்ன கேட்ட? நான் சம்மதிச்சேனான்னா?

அது... போன்ல கேட்டுக்கிட்டே இருந்தா மனுசி என்ன பண்ணுவா சொல்லு. ரத்தப் பரிசோதனையில பொண்ணுன்னு தெரிஞ்சுச்சே, அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு நான் தனியா வண்டி ஓட்டிக்கிட்டுப் போனேன். இவரு பக்கத்து ஊரு துப்பாக்கிச் சந்தையில இருந்தாரு. அந்த ஆத்திரம் எனக்கு இருக்குமா இருக்காதா? லாரல்னு மனசுக்குள்ள எப்பவோ முடிவு பண்ணிட்டேன். ஆனா சொல்லல. கெஞ்சட்டும், பனியில நின்னுக்கிட்டு நல்லாக் கெஞ்சட்டும்னு விட்டேன். எத்தனையாவது தடவையோ போனு வந்தப்போ, வாயில இருந்ததைத் துப்பிட்டு, "உங்கம்மா பேரையே வெச்சுக்கோ போ"ன்னேன்.

குத்திக் காட்டத்தான் சொன்னேன். வேற எதுக்கு?

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுறாரு மனுசன். "நோலா, இந்த ஜென்மத்துல நீ இப்படிச் சொல்லுவேன்னு நான் நெனைக்கல"ங்கிறாரு. பின்னாடி வரிசையில நிக்கிறவனுங்ககிட்ட சொல்றாரு, அந்தத் தாடிக்காரனுங்க எல்லாம் கை தட்டுறானுங்க. எனக்குக் கேக்குது. அதுக்கு மேல அன்னைக்கு நான் எப்படிம்மா இல்லைங்கிறது? லாரல்னு எப்படி வாயத் தொறக்கிறது?

சாயங்காலம் பேரு விசயம் காதுல விழுந்து மாமியாரு வந்துச்சு.  கோட்டைக் கழட்டி மாட்டிட்டு என் சமையல்கட்டுத் தரையைத் தேச்சுக் கழுவிட்டுப் போச்சு. மறுநாளு சூப்பு. அப்புறம் பனி கொட்டுனாலும் சரி, எதுவானாலும் சரி, தெனம் வந்துரும். என் காலு வீங்கிக் கெடந்தப்போ உக்காந்து புடிச்சு விட்டுச்சு. திட்டணும்னு ஒரு வார்த்தை சொன்னதுக்கு எனக்கு வாச்சது இது. நிம்மதியா வெறுக்கக்கூட விடல அந்தப் பொம்பள.

அதோட விட்டாங்களா? இன்னைக்குக் காலையில டெல்மர் காப்பி வாங்கக் கீழ போனப்போ, கொழந்தையைக் கையில வெச்சுக்கிட்டு மாமியாரு மெதுவா என்கிட்ட வந்துச்சு. "நோலா, அந்தப் பேரை வைக்காத"ன்னுச்சு. நீ என்மேல இருந்த கோவத்துல சொன்னேன்னு எனக்கு அன்னைக்கே தெரியும், உன் எடத்துல நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்னுச்சு. தெரிஞ்சுக்கிட்டேதான் இத்தனை மாசமா சூப்புக் கொண்டாந்து குடுத்திருக்கு பாத்துக்கோ.

கடைக்காரன்கிட்ட போயி விசாரிச்சுட்டும் வந்திருச்சாம். அந்தக் கூட்டுல இருக்கிற நம்பரைத்தான் தொடக் கூடாதாம், பேரைத் தேய்ச்சு எடுக்கலாமாம், மேல வேற பேரு பொறிக்கலாமாம். டெல்மர்கிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ உனக்குப் புடிச்சதை வையின்னுச்சு. நானும் டெல்மரும் இந்தப் பேருக்காக ஆறு மாசமா தட்டு, டம்ளரெல்லாம் பறக்கவிட்டுச் சண்டை போட்டோமே, ஒருத்தருக்காவது கடைக்காரனைக் கேப்போம்னு தோணுச்சா?

ஏன் வேண்டாங்கிறீங்கன்னு கேட்டேன். சும்மா, வீம்புக்கு. அதுக்குச் சொல்லுது... "இந்தப் பேரைச் சொல்லி என்னை யாரும் ஆசையாக் கூப்பிட்டதில்லம்மா. எங்கப்பன் கூப்பிட்டா அடி விழும்னு அர்த்தம். கட்டினவன் கூப்பிட்டா பாட்டில் காலின்னு அர்த்தம். புள்ளைக்கு அது வேண்டாம்."

சொல்லிட்டு கொழந்தையை என்கிட்ட குடுத்துட்டு வெளிய போயி உக்காந்திருச்சு. நீ வர்றப்போ பாத்திருப்பியே, கோட்டுப் பொத்தானெல்லாம் போட்டுக்கிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவ மாதிரி. அதுதான்.

இப்போ சொல்லு. லாரல்னு வைக்க எந்தத் தடையும் இல்ல. எழுத வேண்டியதுதான். எனக்கு என்ன வந்துச்சு? நீ வர்றதுக்கு முன்னாடி, யாரும் இல்லாதப்போ, இவ மூஞ்சிக்கிட்ட குனிஞ்சு ஒரு தடவை கூப்பிட்டுப் பாத்தேன். மெதுவா. ஹுல்டான்னு. கண்ணைத் தொறந்து என்னையே பாத்தா. இன்னொரு தடவை சொன்னேன்.  ஆசையாச் சொன்னா அது ஒண்ணும் அவ்வளவு மோசமான பேரு இல்லம்மா.

எழுதிக்கோ. ஹுல்டா. என்ன பாக்குற? தெரிஞ்சுதான் சொல்றேன், இந்தத் தடவை யாரையும் குத்திக் காட்டல. பள்ளிக்கூடத்துல எவனாவது கிண்டல் பண்ணட்டும், நான் போயி கேட்டுக்கிறேன், என் வாயைப் பத்தி இந்த ஊருக்குத் தெரியும்.

கண்ணு வேர்க்குது, அந்த டிஷ்யூவை எடு. எழுதிட்டியா? சரி, போறப்போ கதவைக் கொஞ்சம் திறந்து விட்டுட்டுப் போ. இல்ல, வெளிய உக்காந்திருக்கிறவங்களை நீ கூப்பிட வேண்டாம். பேரைச் சொல்லி நானே கூப்பிடுறேன்.