கன்னிமூலைச் சுவர்

புதிதாகக் கட்டிய சுவருக்கு ஒரு வாரமாவது தண்ணீர் ஊற்ற வேண்டும், ஐயா. இதைக் கொத்தனாரிடம் விடக் கூடாது. நான் எப்போதும் நானே ஊற்றுவேன்.

தொரப்பள்ளி சாலையில் நாராயணப்பன் ஷெட் என்றால் யாருக்கும் தெரியும். அதை ஜெபராஜுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தேன். தூத்துக்குடிப் பக்கத்து ஆள். கார் இருக்கைகளுக்கு ஸ்பாஞ்ச் வெட்டி ஒட்டும் வேலை. அவனும் மனைவி லூர்தம்மாளும் மட்டும்தான். இடத்தைக் கொடுத்ததோடு என் பொறுப்பு முடிந்தது என்று நினைக்கிறவன் அல்ல நான். கூரை ஒழுகினால் அவன் கேட்கும் முன்பே ஆள் அனுப்புவேன்.

கரண்ட் அடிக்கடி போனதால் அவன் ஒரு ஜெனரேட்டர் வாங்கி முன்வாசலுக்கு உள்பக்கம் வைத்தான். பக்கத்திலேயே பசை டின்கள். பிறகு பயம் வந்து, என்னைக் கேட்காமல் பின்சுவரை உடைத்து ஒரு கதவு வைத்துக்கொண்டான். அது தென்மேற்கு. கன்னிமூலையில் வாசல் திறந்தால் குத்தகைக்காரனுக்கு ஒன்றும் ஆகாது. இடத்துக்காரன் குடும்பம்தான் தாங்காது. அந்த மாதமே என் மகள் சுப்ரியாவுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் தட்டிப்போனது.

அடைக்கச் சொன்னேன், மரியாதையாகத்தான். ஜெபராஜ் சிரித்தான்.

"தீப்பிடிச்சா வாஸ்து பாத்துக்கிட்டா ஓட முடியும், அண்ணாச்சி? பொறத்தால ஒரு வழி வேணும்லா."

லூர்தம்மாள் வேலையிலிருந்து நிமிராமலே கேட்டாள்: "மாப்பிள வீட்டுக்காரங்க ஓடுனது எங்க கதவு வழியாவா?"

இதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சர்ச்சுக்குப் போயிருந்தபோது கதவைப் பெயர்த்து, ஒன்பது அங்குலச் சுவராக அடைத்தேன். மறுநாள் காலையில் ஜெபராஜ் கத்தினான். லோடு அனுப்பிவிட்டு, சாயந்திரமே இடித்துவிடுவதாகச் சொன்னான்.

மத்தியானம் பின்பக்கம் நின்று சுவருக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். சுப்ரியா சாப்பாடு கொண்டு வந்திருந்தாள். முன்பக்கம் புகை எழுந்தது. கொஞ்ச நேரத்தில் சுவரை உள்ளிருந்து தட்டினார்கள். தண்ணீர் விழும் சத்தம் அவர்களுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"அண்ணாச்சி, இடிங்க. அவளயாவது வெளிய எடுங்க."

கடப்பாரை என் காலடியில்தான் கிடந்தது. ஈரச் சுவர், உள்ளேயிருந்து கையால் தள்ளினால் வராது, வெளியிலிருந்து நாலு குத்துப் போதும். சுப்ரியா எடுக்கக் குனிந்தாள். நான் கடப்பாரையின் மேல் காலை வைத்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கடித்தாள். இதோ, காயம் இன்னும் ஆறவில்லை.

"இப்ப இடிச்சா மறுபடியும் தொறந்த மாதிரிதாம்மா" என்று எடுத்துச் சொன்னேன்.

தட்டுவது நிற்கும் வரை தண்ணீரை நிறுத்தவில்லை.

அவள்தான் வந்து எல்லாவற்றையும் சொன்னாள் என்கிறீர்கள். சொல்லட்டும், சின்னப் பெண். நல்ல இடத்தில் வாக்கப்பட்ட பிறகு, அப்பா யாருக்காகச் செய்தார் என்று அவளுக்கே புரியும். அதுவரை அந்தச் சுவரை யாரும் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.