ஊசி கொடுத்த அக்கா

மஞ்சக்குப்பத்தில் சிதம்பரம் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு பெண், பக்கத்தில் இருந்தவரிடம் குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்.

“நீங்க அப்பப்போ குடுத்த புது ஊசியாலதான்க்கா எம் புருஷன் நல்லாருக்காரு. போதைய விடுற வரைக்கும் அடுத்தவங்க ஊசிய அவரு தொடல. அதான் எச்.ஐ.வி. வரல.”

“ஊசி குடுத்த அந்த ஆபீஸையே மூடிட்டாங்கம்மா. வெளிநாட்டுக்காரங்க உதவிய நிறுத்திட்டாங்க. என் வேலையும் போச்சு.”

“ஐயோ, மத்தவங்க? ஒரே ஊசிய மாத்தி மாத்திப் போடுவாங்களே!”

“அதான் பயமா இருக்கு. பெரியாஸ்பத்திரியில கேட்டேன், புது ஊசி தரேன்னுட்டாங்க. அவங்களக் கூட்டிட்டுப் போலாம்னுதான் இப்பப் போறேன். ஆனா ஆஸ்பத்திரின்னாலே ஓடுறாங்க. திட்டுவாங்கன்னு பயம்.”

அந்தப் பெண் போனை எடுத்தாள்.

“ஏங்க, கிளம்பி சிதம்பரம் வாங்க. அக்கா தனியாப் போறாங்க. நீங்க கூப்ட்டா உங்க பழைய கூட்டாளிங்க ஆஸ்பத்திரிக்கு வருவாங்க.”

பக்கத்து ஊரான குமராட்சியிலிருந்து வந்து சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தார் அவள் கணவர். அக்காவின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

“எங்க இருப்பாங்கன்னு எனக்குத் தெரியும்க்கா. நான் முன்னால போறேன்.”