நயினார் வீட்டுப் பலகை

கான்டனீஸ் மொழியில் எனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது, ஐயா. அந்த ஹாங்காங் படத்தின் விசிடி பர்மா பஜாரில் வாங்கியது. கீழே ஓடிய ஆங்கில எழுத்திலும் பாதி உடைந்திருந்தது. ஆனாலும் கதை புரிந்தது. மூன்று திருடர்கள் ஒரு பணக்காரனின் விருந்தில் புகுந்து, சுவரில் தொங்கும் பழைய மலை ஓவியத்தை எடுத்துக்கொண்டு, அதே மாதிரி வரைந்த இன்னொன்றை மாட்டிவிடுகிறார்கள். அவன் போலிக்கு முன்னால் நின்று விருந்தாளிகளிடம் பெருமை பேசுகிறான். இவர்கள் படகில் போகும்போது வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். படம் அங்கே முடிந்துவிடும். மறுநாள் அந்த வீட்டில் யார்மேல் சந்தேகம் விழுந்தது என்று காட்டமாட்டார்கள்.

சின்ன காஞ்சிபுரத்தில் நான் விசிடி வாடகைக் கடை வைத்திருந்தேன். கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கவும் போவேன். அப்பா பராங்குசம் சமஸ்கிருத வாத்தியார் என்பதால் ஸ்ரீகர் என்ற என் பெயருக்கு ஊரில் ஒரு மரியாதை இருந்தது. எனக்கு லைட் பிடிக்க வருகிறவன் தினேஷ். நெசவுக் குடும்பத்துப் பையன், சேலைக் கரைக்கு டிசைன் வரைபவன். எதைக் கொடுத்தாலும் அச்சாக வரைவான். அந்தப் படத்தை நாங்கள் திரும்பத் திரும்பப் பார்த்தோம். "நம்மாலயும் முடியும்டா" என்று முதலில் சொன்னது நான்தான். அதை அவன் தலையில் போட எனக்கு விருப்பமில்லை.

திருப்பருத்திக்குன்றத்தில் தர்மன் என்று ஒருவர் இருந்தார். சமணர்களை எங்கள் பக்கத்தில் நயினார் என்றுதான் அழைப்போம். அவர் வீட்டுக் கூடத்தில் பழைய தேக்குப் பலகை ஓவியம் ஒன்று தொங்கும். கல்யாண ஊர்வலத்தில் வரும் நேமிநாதர், விருந்துக்காக அடைத்துவைத்த ஆடுகளும் மான்களும் கத்துவதைக் கேட்டு, கல்யாணமே வேண்டாம் என்று திரும்பிப் போகும் காட்சி. ஓவியம் அவருடையது அல்ல, அங்கிருந்த சமணக் குடும்பங்கள் எல்லாருக்கும் பொது. பரம்பரையாக அவர் வீட்டின் காவலில் இருந்தது. வருஷத்தில் ஒரு நாள் இறக்கி, துடைத்து, எல்லாரும் கும்பிடுவார்கள். ஒருமுறை அதை வீடியோ எடுக்க அவரே என்னைக் கூப்பிட்டார். பலகையைத் தொடாமல் விரலால் ஒவ்வொரு மிருகமாகக் காட்டிச் சொன்னார். அவர்கள் வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்று எனக்கும் இலை போட்டார்கள்.

தினேஷுக்கு அந்த வீடியோ போதுமானதாக இருந்தது.

அவர் மகள் கல்யாணம் வந்தது. வீடியோ எடுக்க என்னைத்தான் அழைத்தார்கள். லைட் சூட்டில் வண்ணம் பாழாகிவிடும் என்று நான் சொன்னதும், நயினார் தாமே பலகையைக் கழற்றித் தினேஷ் கையில் கொடுத்து, உள்ளறையில் வைக்கச் சொன்னார். எங்கள் லைட் பெட்டியும் அங்கேதான் இருந்தது. வெளியே மேளம் கொட்டியது. சாயங்காலம் அவரே, தெரியாமல், தினேஷ் வரைந்த பலகையை எடுத்து மாட்டினார். கயிறு கட்டி இறங்கவில்லை, பூட்டு உடைக்கவில்லை. திரும்பி வரும்போது நாங்களும் சிரித்தோம்.

பலகை யார் கைக்குப் போனது என்று முதல் விசாரணையிலேயே உங்களிடம் சொல்லிவிட்டேன். இனி நான் சொல்வதை நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

அந்த வருஷம் பலகையைத் துடைத்தபோது சாயம் துணியோடு வந்துவிட்டது. மகள் கல்யாணத்தை அத்தனை நன்றாகச் செய்தாரே, எப்படி என்று அவருடைய ஆட்களே பேச ஆரம்பித்தார்கள். போலீஸ் விசாரித்தது. இப்படி அச்சாக வரைகிறவர்கள் ஊரில் யார் யார் என்று என் கடைக்கும் வந்து கேட்டார்கள். எப்படியும் தினேஷ் பெயர் வந்துவிடும், அடுத்தது என் பெயர் என்று தெரிந்தது. அதனால் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். கல்யாணத்துக்கு முன்னால் நயினார் என் கடைக்கு வந்து, அந்தப் பலகையைப் போல இன்னொன்று வரைய ஆள் கிடைக்குமா என்று கேட்டார், நான் தெரியாது என்று அனுப்பிவிட்டேன் என்றேன். வாத்தியார் மகன் சொன்னதை யாரும் சந்தேகப்படவில்லை.

அவரை அழைத்துப்போனார்கள். ஆதாரம் இல்லாமல் விட்டும்விட்டார்கள். ஆனால் அவர் வசம் இருந்த சமணக் கோயில் சாவியை அவருடைய ஆட்களே வாங்கிக்கொண்டார்கள். அதன்பிறகு அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை என்று கேள்விப்பட்டேன்.

தினேஷ் கடைக்கு வந்து அழுதான். "நா போய் சொல்லிடறேன்டா. ராவெல்லாம் அந்த ஆடுங்க மூஞ்சிதான் வந்துக்கினு இருக்குது."

"சொன்னா உன் வீட்டுத் தறி ஓடுமா? உங்க அம்மாவை யோசிச்சியா?" என்று கேட்டேன். அவன் சூரத்துக்குப் போய்விட்டான். இன்றுவரை வரவில்லை.

பிறகு நயினாரின் மனைவி இந்திராணி அம்மாள் கடை வாசலில் வந்து நின்றார். "உன்ன பாக்கணும்னு சொல்லிக்கினே இருக்காருப்பா. ஒரு எட்டு வந்துட்டுப் போ."

போனேன். கூடத்துச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அதற்குக் கீழே பாயில் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. குரலில் கோபமே இல்லை.

"தம்பி, நா உன் கடைக்கு வந்து அப்படிக் கேட்டேனா? யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், ஞாபகமே வரமாட்டேங்குது. நீ பொய் சொல்ற புள்ள இல்ல. எனக்குத்தான் புத்தி பிசகிப் போச்சா? எனக்கே தெரியாம நாந்தான் எதனா பண்ணிட்டேனா? நீ ஒரு வார்த்தை சொல்லிடுப்பா, போதும்."

கூடத்தில் வேறு யாரும் இல்லை. இந்திராணி அம்மாள் கஞ்சித் தம்ளரோடு வாசற்படியில் நின்றார். நீங்கள் வரவில்லை என்று சொல்லியிருந்தால் நயினார் அந்தக் கஞ்சியைக் குடித்திருப்பார். அது எனக்கு அப்போதே தெரியும், ஐயா. பிறகு தெரிந்துகொண்டதல்ல. திருடியதற்காக நான் உங்கள் முன்னால் இப்படித் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கவில்லை, இதற்காகத்தான்.

"வந்தீங்க, நயினாரே," என்றேன். "கல்யாண அலைச்சல்ல மறந்திருப்பீங்க."

அவர் தலையாட்டினார். "அப்ப சரி" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அந்தக் கஞ்சியை அவர் வாங்கவே இல்லை. அந்த வாரமே போய்விட்டார்.

அவரைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் பதில் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது, ஐயா, அதையும் சேர்த்து எழுதுங்கள். குழப்பம் தீர்ந்துதான் போனார். அந்த அளவுக்காவது நான் அவருக்கு உதவியாக இருந்திருக்கிறேன்.