மேசைக்கு அடியில்

குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஏறும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு டீச்சர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

"நேத்து பர்னிச்சர் கடையில டைனிங் டேபிளுக்கு அடியில படுத்துட்டனுங்க."

"ஐயோ, எதுக்குங்க?" என்றார் மற்றவர்.

"மேல கண்ணாடியாட்டம் மின்னுது. அடியில பாலிஷே போடல. நம்மூரு ஈரம் அதுல ஏறுனா பலகை முறுக்கிக்கும். அப்புறம் ஒரு கால் தரையில நிக்காது."

"எங்கூட்டு டேபிளும் ஆடுதுங்க. வாங்கி மூணு மாசந்தான் ஆகுது."

"அடியில தடவிப் பாத்தீங்களா?"

"இல்லீங்களே. தரைதான் கோணல்னு எங்கூட்டுக்காரரு..."

பாதியில் நிறுத்திவிட்டு, அவசரமாகக் கைப்பேசியை எடுத்தார்.

"ஏனுங்க, தரையை உடைக்க ஆளு வந்துட்டாங்களா?"

அந்தப் பக்கத்துப் பதில் பின்னால் இருந்த எனக்கே கேட்டது. சுத்தியல் சத்தம்.