தம்பி பேசில் பெட்டியில் போட்ட கூடுதல் இறால்

மேடையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, ஹோட்டல் முகாமையாளர் ஐயா அவர்களே, களுவாஞ்சிக்குடியிலிருந்தும் காத்தான்குடியிலிருந்தும் என் தம்பி பேசிலின் இறுதி அஞ்சலிக்கு வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் சொந்தங்களே, ஆண்டவரின் சமாதானம் உங்களோடு இருப்பதாக.

நான் தெல்மா, பேசிலின் அக்கா. வீட்டில் சமைத்து, செபித்து, வரவு செலவு எழுதுகிறவள். மேடைப் பேச்சுப் பழகியதில்லை. ஆனாலும் முகாமையாளர் ஐயா என் தம்பியை இப்படிப் புகழ்ந்ததைக் கேட்டபிறகு எழும்பாமல் இருக்க முடியவில்லை. ஐயா, மூன்று மாதத்துக்கு முன்னர் அதே பேசிலுக்கு விசாரணைக் கடிதம் அனுப்பியது யார்? இன்றைக்கு ஹோட்டல் கொண்டுவந்த மலர்வளையம் ஏன் இவ்வளவு பெரிது?

பத்தொன்பது வருடம் ஐயாவின் ஹோட்டலில் கொள்வனவு இலிகிதராக இருந்தார் பேசில்! மீன், இறால், மரக்கறி என்று சந்தை சந்தையாய் அலைந்து வாங்கிக் கொடுத்தவர். கடைசிச் சம்பளம் நாற்பத்தாறாயிரம். கூட்டித் தரக் கேட்ட ஒவ்வொரு முறையும் அலுவலகத்தில் ஒரு சிரிப்பு: "உமக்கென்ன பேசில், வெளியில வரும்தானே!" வியாபாரியிடம் கொமிசன் எடுப்பான் என்று தாங்களே முடிவுகட்டி, அதைக் கழித்துச் சம்பளம் போட்டிருக்கிறார்கள்!

நானும் சந்தேகப்பட்டவள்தான், கர்த்தர் மன்னிக்கட்டும். பூசை முடிந்து அவர் வீட்டுக்குப் போனால் முதலில் பிரிட்ஜைத்தான் திறப்பேன்.

"என்னக்கா, சோதனையோ?"

"ஓம், இறால் கிடக்கா எண்டு பாக்கிறன்."

"கிடந்தாச் சொல்லுங்க, நானும் தின்டு கனநாள்."

அப்படியானால் இறால் எங்கே போனது? முன்வரிசையில் இருக்கும், எங்களுக்கு மூத்த அண்ணன் மாதிரியான மீன் வியாபாரி முத்தலிப் காக்காவைக் கேளுங்கள். இருபது கிலோ நிறுத்தபிறகு ஒரு கிலோவைத் தனியாகக் கட்டி, "இது வீட்டுக்குத் தம்பி" என்பாராம். "அதையும் ஹோட்டல் பெட்டியில போடுங்க காக்கா" என்பாராம் பேசில். ஒரு கிலோ போதாதாக்கும் என்று நினைத்த காக்கா, அடுத்தநாள் இரண்டு கிலோ கட்டினார்! அதுவும் பெட்டிக்குள் போனது. அன்றைக்கென்று கணக்காய்வாளர் வந்து நிறுத்துப் பார்த்தார். பில்லில் இருபது, களஞ்சியத்தில் இருபத்திரண்டு. "சும்மா ரெண்டு கிலோ ஆர் குடுப்பான்? வியாபாரியோட சேந்து விலையில விளையாடியிருக்கிறீர்" என்று விசாரணை. குறைந்தால் களவு என்று அறிவேன். கூடினாலும் களவா!

விசாரணை முடிய முன்னம் மாரடைப்பு வந்து தம்பி போய்விட்டார். நேற்று அவர் மனைவி கிளோடியாவிடம் ஒரு கடிதம் நீட்டியிருக்கிறார்கள். பணிக்கொடையில் பாதியை வாங்கிக்கொண்டு, இனி ஒன்றும் கேட்கமாட்டேன் என்று கையெழுத்து வைக்கட்டாம். துக்க வீட்டில் ஏன் இந்த அவசரம்? அவர் எடுத்திருந்தால் பாதி எதற்கு? எடுக்கவில்லை என்றால் மற்றப் பாதி எங்கே?

பேசிலின் வேலைக்கு வந்து அவர் கதிரையில் இப்போது இருக்கிற இர்ஷானாவும் வந்திருக்கிறார். வாசலில் என் கையைப் பிடித்து, "எனக்கும் அதே சம்பளம்தான் ஆன்ட்டி, அதே சிரிப்புத்தான்" என்றார்.

அன்பானவர்களே, இந்த இடத்திலேயே சொல்கிறேன். கிளோடியா கையெழுத்து வைக்கமாட்டாள். கடிதத்தை நான் வாங்கிக்கொண்டேன். திங்கட்கிழமை அதைத் தொழிலாளர் முறைப்பாடு கேட்கும் தொழில் அலுவலகத்துக்குக் கொண்டுபோகிறேன். சாட்சி சொல்ல முத்தலிப் காக்கா வருகிறார். இர்ஷானாவின் சம்பளத்தையும் அங்கே கேட்போம்.

பேசில், நீ இளைப்பாறு. முழுப் பணமும், உன்னில் குற்றமில்லை என்ற ஒரு வரியும் எழுத்தில் வரும்வரை உன் அக்கா அந்தப் படிகளை ஏறி இறங்குவாள். ஐயா, நீங்களும் அன்றைக்கு வாருங்கள். கையெழுத்துப் போடப் பேனையும் கொண்டுவாருங்கள்.